படியளந்த பெருமான்

தெய்வத்தைப் பாதத்திலிருந்து தொடங்கிப் பாடுவது எங்கள் மரபு. நீயோ உயிரோடு இருக்கும்போதே தெய்வமானவன். ஆகவே சுமேரை ஆண்ட ஷுல்கி மன்னா, உன் கால்களிலிருந்து தொடங்குகிறேன்.

நிப்பூர் நகரத்தில் விழா எடுத்தாய். அங்கிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் உன் தலைநகரமான ஊர் நகரத்துக்கு ஓடினாய். அங்கே உன் தெய்வமான சந்திரனுக்குப் படையலிட்டாய். குளித்தாய், உண்டாய், அன்றைக்கே நிப்பூருக்குத் திரும்பி ஓடினாய். வழியில் சூறைக்காற்று, இடி, ஆலங்கட்டி மழை. அஞ்சவில்லை நீ. இதையெல்லாம் சொல்வது நீயே உன் மேல் பாடவைத்த பாட்டு. ஒரே நாளில் 320 கிலோமீட்டர் ஓடிய மனிதன் உலகத்தில் உண்டா என்று கேட்கும் துணிச்சல் எனக்கில்லை. உன் குடிகளிலும் ஒருவருக்கும் இருக்கவில்லை. உன் மரபு ஆண்ட காலத்துக் களிமண் ஏடுகள் ஏறக்குறைய ஒரு லட்சம் இன்று கையில் இருக்கின்றன. "அரசர் அப்படி ஓடவில்லை" என்று சொன்ன ஒரு குடிமகனை அவற்றில் யாரும் கண்டதில்லை. இப்படி ஒருமித்த குடிகள் எந்த அரசனுக்கு வாய்த்தார்கள்?

அந்த ஓட்டத்தின் பெயரையே உன் ஏழாம் ஆட்சியாண்டுக்குச் சூட்டினாய். சுமேரில் ஆண்டுகளுக்கு எண் இல்லை, பெயர்தான். அரசன் செய்த பெருஞ்செயல் எதுவோ அதுவே அந்த ஆண்டின் பெயர். மெய்க்கீர்த்தியைக் கல்லில் வெட்டிக் கோயில் சுவரில் நிறுத்துகிற அரசர்களைப் பார்த்திருக்கிறோம். நீ அதைக் குடிமக்களின் ஒவ்வொரு கணக்குச் சீட்டிலும் நிறுத்தினாய். வாற்கோதுமை கடன் வாங்கியவன் சீட்டின் அடியிலும், செத்த ஆட்டுக்குக் கணக்குக் கொடுத்த இடையன் சீட்டின் அடியிலும், அரசர் ஓடிய ஆண்டு என்று எழுதித்தான் தேதியிட வேண்டும். உன் புகழைச் சொல்லாமல் ஒருவன் கடன்கூடப் பட முடியாது.

கி.மு. 2094-இல் அரியணை ஏறினாய். 48 ஆண்டுகள் ஆண்டாய். உன் தந்தை ஊர்-நம்மு போர்க்களத்தில் வீழ்ந்தான் என்றும், உடைந்த சட்டியைப் போல அங்கே கைவிடப்பட்டான் என்றும் ஒரு பழைய பாடல் அழுகிறது. தெய்வங்கள் கைவிட்ட தந்தைக்கு மகனாக இருப்பது எளிதல்ல, அறிவேன். நீ அதற்குக் கண்ட தீர்வு அரியது. தெய்வங்களை நம்பியிராமல் நீயே தெய்வமாகிவிட்டாய். உன் ஆட்சியின் பாதிக்குள் உன் பெயருக்கு முன்னால் கடவுளர்க்கு இடும் நட்சத்திரக் குறி வந்துவிட்டது. உனக்குக் கோயில் எழுந்தது, பலி வந்தது, ஒரு மாதத்துக்கே ஷுல்கி திருவிழா மாதம் என்று பெயர் வந்தது. ஷுல்கியே என் கடவுள் என்று பொருள்படும் பெயரோடு அதிகாரிகள் உலவினார்கள். அக்காதின் நரம்-சின் உனக்கு முன்பே இந்த வழியில் போனவன் என்பது உண்மைதான். ஆனால் அவனுக்குப் பின் வந்தவர்கள் அவனைத் தெய்வத்தின் சாபம் பெற்றவனாகப் பாடி வைத்திருந்தார்கள். அதைப் படித்த பிறகும் அதே படியில் கால் வைத்தாயே, அந்த நெஞ்சுரத்தைச் சொல்ல வேண்டும்.

படித்தவன் நீ. இதில் எனக்கு ஐயமே இல்லை, உளமாரச் சொல்கிறேன். சிறு வயதிலேயே ஏட்டுப் பள்ளியில் எழுத்தும் கணக்கும் கற்றதாகவும், அங்கிருந்த பெரியவீட்டுப் பிள்ளைகளில் ஒருவனும் உனக்கு ஈடில்லை என்றும் உன் பாட்டு சொல்கிறது. இசைக்கருவிகளில் கைவைக்காதது இல்லை. வேட்டையில் சிங்கத்தை எதிர்கொண்டாய். ஐந்து மொழியில் வழக்குக் கேட்டு அந்தந்த மொழியிலேயே விடை சொன்னாய். புகழ வந்த புலவனுக்கு நீ வேலையே வைக்கவில்லை. பாட்டுகள் பலவும் "நான்" என்றே பேசுகின்றன. ஊர் நகரத்திலும் நிப்பூரிலும் கல்விக்கூடங்களை வைத்து, உன் பாட்டுகள் அங்கே என்றும் மறக்கப்படாமல் ஓதப்பட வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தாய். சொன்னது நடந்தது. உன் பேரரசு அழிந்து சில நூற்றாண்டுகள் கழித்தும், நிப்பூரில் கையெழுத்துப் பழகிய சிறுவர்கள் உன் ஓட்டத்தைத்தான் களிமண்ணில் எழுதி எழுதிப் பழகினார்கள். அரசனின் புகழைப் பாடநூலாக்கிவிட்டால் அதை அழிக்கப் படையெடுப்பாலும் ஆகாது என்று நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டவன் நீ.

உன் தோள்வலிக்கு வருகிறேன். சிமுர்ரும் என்று வடகிழக்கே மலையடிவாரத்தில் ஒரு நாடு. உன் 25-ஆம் ஆட்சியாண்டின் பெயர், சிமுர்ரும் அழிக்கப்பட்ட ஆண்டு. அடுத்த ஆண்டின் பெயர், சிமுர்ரும் இரண்டாம் முறை அழிக்கப்பட்ட ஆண்டு. 32-ஆம் ஆண்டு, மூன்றாம் முறை. 44-ஆம் ஆண்டின் பெயரைப் படிக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது: சிமுர்ருமும் லுல்லுபுமும் ஒன்பதாம் முறை அழிக்கப்பட்ட ஆண்டு. ஒரு நாட்டை ஒருமுறை அழித்தவர்கள் வரலாற்றில் ஏராளம். ஒன்பது முறை அழித்தவன் என்று தன் வாயாலேயே அறிவித்தவன் நீ ஒருவன். ஒன்பதாம் முறை அழிக்க வேண்டுமானால் எட்டு முறை எழுந்து நின்றிருக்க வேண்டும். அந்த மலைமக்களின் எட்டு எழுச்சிக்கும் உன் ஆண்டுப் பெயரைவிட நல்ல சான்று கிடையாது. அவர்களுக்கென்று புலவன் இல்லாத குறையை நீ போக்கினாய். அடுத்த ஆண்டே உர்பிலும் நாட்டின் தலையையும் சிமுர்ருமின் தலையையும் சேர்த்து நொறுக்கியதாக எழுதினாய். அந்த உர்பிலும்தான் இன்றைய ஈராக்கின் எர்பில். இன்றும் அங்கே கோட்டைமேட்டின் அடிவாரத்தில் கடைத்தெருவில் கூட்டம் நெரிகிறது.

மலைக்குப் போன படை எங்கிருந்து வந்தது? உன் 20-ஆம் ஆண்டின் பெயர் அதைச் சொல்லிவிடுகிறது: ஊர் நகரத்து மக்களை ஈட்டிவீரர்களாகச் சேர்த்த ஆண்டு. பிள்ளைகளைப் படைக்குக் கொண்டுபோனதை நீ மறைக்கவில்லை. ஆண்டின் பெயராக்கி, அந்தப் பிள்ளைகளின் தாய்மார் வாங்கும் கடன்சீட்டிலும் எழுதவைத்தாய்.

நீ பெற்ற பெண்களையும் நாட்டுக்கே தந்தாய். 18-ஆம் ஆண்டில் ஒரு மகள் மர்ஹாஷி நாட்டுக்கு அரசியாகப் போனாள். 30-ஆம் ஆண்டில் இன்னொரு மகளை ஈரான் மேட்டுநிலத்து அன்ஷான் நாட்டின் தலைவனுக்குக் கட்டிக்கொடுத்தாய்; அந்தத் திருமணமே ஆண்டின் பெயர். நான்கே ஆண்டு கழித்து 34-ஆம் ஆண்டுக்கு நீ இட்ட பெயர், அன்ஷான் அழிக்கப்பட்ட ஆண்டு. மகளைக் கொடுத்த வீட்டையே கொளுத்தப் போகும்போதும் கை நடுங்காத அரசனை எந்த உறவும் கட்டிப்போட முடியாது. அரசனுக்கு அரசுதான் உறவு என்று நூல்களில் படித்திருக்கிறோம். செய்து காட்டியவன் நீ. அந்த மகள் என்ன ஆனாள் என்பதற்கு ஆண்டுப் பெயர் எதுவும் இல்லை. ஓர் ஆண்டுக்கு ஒரு பெயர்தானே வைக்க முடியும்.

இதுவரை பாடியதை உன் புலவர்களும் பாடியிருப்பார்கள். அவர்கள் பாடாமல் விட்ட ஒன்று உண்டு. அதற்காகத்தான் நான் வந்தேன். உன் கணக்கைப் பாட வந்தேன்.

பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. கறுத்த டையோரைட் கல், வழவழவென்று இழைத்தது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மேலே ஒரு பிறை. சந்திரக் கடவுளுக்காக ஷுல்கி இந்த அரை மினா எடையை உறுதிசெய்தான் என்ற வாசகம். எடை ஏறக்குறைய 248 கிராம். கள்ளத்தராசு பிடிப்பவன் கையை நீ பிடித்து நிறுத்தினாய் என்பதற்கு அந்தக் கல் சாட்சி. எடையும் அளவும் நாடெங்கும் ஒன்றாயின. 39-ஆம் ஆண்டில் நிப்பூருக்கு அருகே புஸ்ரிஷ்-தகான் என்ற கால்நடைக் களஞ்சியத்தை எழுப்பினாய்; அதற்கும் ஆண்டின் பெயர். வென்ற நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் பல பத்தாயிரம் ஆடுமாடுகள் வந்து குவிந்தன. எந்தத் தேதியில் எந்த ஆடு யாரிடமிருந்து வந்தது, எந்தக் கோயில் பலிக்குப் போனது, எது அரண்மனை மடைப்பள்ளிக்குப் போனது, எது நாய்களுக்குப் போனது, எது தானாகச் செத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஏடு. செத்ததை மறைத்து வைக்க ஒருவராலும் முடியாது. மாகாணங்கள் முறைவைத்துத் தலைநகருக்குப் படியளந்தன. ஒரு மாதம் ஒருவர், மறுமாதம் இன்னொருவர்.

படியளப்பது என்றால் உன்னைச் சொல்ல வேண்டும். ஆணுக்கு மாதம் 60 சிலா வாற்கோதுமை, பெண்ணுக்கு 30 சிலா. சிலா என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர். குழந்தைக்கு வயதைப் பார்த்து 10 சிலாவிலிருந்து 20 சிலா வரை. ஆண்டுக்கு ஒருமுறை உடுத்தக் கம்பளி. லகாஷ் மாகாணத்தில், கடலை ஒட்டிய குவாப்பாவில் மட்டும் நெசவுக்கூடங்களில் 4,000-க்கும் மேற்பட்ட பெண்களும் 1,800 அளவில் குழந்தைகளும் இருந்ததாக ஒரு பட்டியல் சொல்கிறது. ஒருவரையும் விடவில்லை நீ. பட்டியலில் தாயின் பெயர், அவளுக்குரிய சிலா. அதன் கீழே பிள்ளையின் பெயர், அதற்குரிய சிலா. இறந்துபோனால் பெயருக்கு நேரே இறந்தாள் என்று ஒரு குறி. கைக்குழந்தை பேர் சொல்ல ஆளில்லாமல் சாகிற காலம் அது. உன் கணக்கன் அதன் பெயரையும் எழுதி, அதன் சாவையும் எழுதினான். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அதன் பங்கு வாற்கோதுமை அடுத்த மாதம் வீணாகிவிடக் கூடாது.

உன் மகன் அமர்-சூயென் இந்த ஒழுங்கைக் காத்தான். போரில் பிடித்துவரப்பட்ட பெண்களும் குழந்தைகளும் உம்மா நகரத்துக்கு வந்து சேர்ந்தபோது எழுதிய பட்டியல் கிடைத்திருக்கிறது. வரிசை வரிசையாகப் பெயர்கள், அவற்றினிடையே மீண்டும் மீண்டும் இறந்தவர் குறி. உங்கள் ஆண்டுப் பெயர்களில் நாடுகள் அழிகின்றன. அந்த அழிவு ஆள் ஆளாகத் தெரிவது இந்தப் பட்டியல்களில்தான்.

உம்மாவில் மாவரைத்த பெண்களுக்கு நான் தனியே ஒரு பாட்டுப் பாட வேண்டும். ஊர்-ஷாரா என்ற கங்காணியின் கீழ் 36 பெண்கள். அரைகல்லின் முன் மண்டியிட்டு, இரண்டு கையாலும் குழவியை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி அரைக்கிற வேலை. மாவின் தரத்துக்கு ஏற்ப ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளவு வகுத்திருந்தாய். மாதம் 30 நாள் என்பது கணக்கு. பெண்களுக்கு ஆறு நாளுக்கு ஒரு நாள் கழிவு, ஆண்களுக்குப் பத்து நாளுக்கு ஒன்று. பெண்ணுக்குக் கூடுதலாக இரங்கிய அரசன் என்று இதற்காகவும் உன்னைப் புகழலாம். வேறு எந்தக் கழிவையும் உன் பேரேடு அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. அரைத்த மாவு, வாய்க்கால் வேலைக்கு அனுப்பியது, வைக்கோல் சுமந்தது, எல்லாவற்றையும் நாள்கணக்காக மாற்றி ஒரு பக்கம் எழுதினார்கள். அவர்களிடமிருந்து வரவேண்டியதை மறு பக்கம் எழுதினார்கள். எவ்வளவு அரைத்தாலும் இரண்டு பக்கமும் சரிக்கட்டவில்லை. முந்தைய ஆண்டின் பாக்கி 6,000 நாளுக்கு மேல். ஆண்டு முழுதும் அரைத்து முடித்துக் கூட்டிப் பார்த்தால் பாக்கி 7,000 நாளைத் தாண்டிவிட்டது. முப்பத்தாறு பேரும் சேர்ந்து ஆண்டில் பாதிக்கு மேல் ஒரு வேலையும் செய்யாமல் கழித்திருந்தால்தான் அவ்வளவு பாக்கி விழும். ஆண்டெல்லாம் அரைத்த கைகள் அவை. உழைக்க உழைக்க ஏறுகிற கடனைக் கண்டுபிடிக்க வட்டிக்கடைக்காரனால்கூட முடியாது. அதற்கு ஐந்து மொழியும் கணக்கும் கற்ற ஓர் அரசன் வேண்டியிருந்தது.

கங்காணிக்கும் நீ பாரபட்சம் காட்டவில்லை. பாக்கி அவன் தலையில்தான். அவன் பாக்கியோடு கண்ணை மூடினால் அவன் சொத்தும் மனைவி மக்களும் அரசின் கைக்குப் போனதற்கு உம்மாவின் ஏடுகள் இருக்கின்றன. நேற்றுவரை கோல்பிடித்தவனின் மனைவி இன்று வேலைக்காரப் பெண்களின் பட்டியலில். உன் தந்தையின் பெயரால் வழங்கும் சட்டத் தொகுப்பை, உன்னுடையதே என்று கருதும் அறிஞர்களும் உண்டு. அநாதையும் கைம்பெண்ணும் செல்வர் கையிலும் வலியவர் கையிலும் விழாமல் காத்ததாக அதன் முன்னுரை பெருமைப்படுகிறது. பொய்யில்லை மன்னா. கங்காணியின் கைம்பெண் எந்தச் செல்வன் கையில் விழுந்தாள்? எந்த வலியவன் அவளைத் தொட்டான்? அவளை எடுத்துக்கொண்டது நீ. உன்னிலும் வலியவன் அங்கே ஒருவனும் இல்லை.

இதற்காக நான் உனக்கு நன்றி சொல்கிறேன், மனமாரவே சொல்கிறேன். கணக்கில் கண்டிப்பில்லாத கொடுங்கோலர்கள் எத்தனையோ பேர் வந்து போனார்கள். அவர்கள் கையில் செத்தவர்களுக்குப் பெயர் இல்லை. உன்னிடம் உழைத்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது, பங்கு வாற்கோதுமையின் அளவு இருக்கிறது, இறந்த மாதம் இருக்கிறது. லண்டனிலும் பாரிஸிலும் இஸ்தான்புல்லிலும் நிலைப்பெட்டிகளில் அந்த ஏடுகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஒரு சிலாவும் திருடு போகக் கூடாது என்று நீ வைத்த காவல் உன் குற்றத்தில் ஒரு சிலாவும் குறையாமல் காத்துத் தந்திருக்கிறது.

உன் 37-ஆம் ஆண்டின் பெயர், நாட்டின் மதில் கட்டப்பட்ட ஆண்டு. நாற்றிசைக்கும் நாயகன் ஒரு திசையில் மதில் கட்டிக்கொண்டான். உன் மரபில் வந்த ஷு-சின் பிற்பாடு அமோரியரைத் தடுக்க இன்னும் பெரிய மதில் எழுப்பினான். பிறகு இப்பி-சின் வந்தான். அவன் ஆட்சியின் முதல் சில ஆண்டுகளிலேயே புஸ்ரிஷ்-தகானில், உம்மாவில், கிர்சுவில் ஏட்டுக் கணக்கர்கள் ஊர் நகரத்து அரசனின் ஆண்டுப் பெயரை எழுதுவதை ஒவ்வோர் இடமாக நிறுத்திக்கொண்டார்கள். அந்தக் கணக்கர்கள் கொடி தூக்கவில்லை, அரசனை வைது பாட்டெழுதவில்லை. சீட்டின் அடியில் அவன் பெயரை எழுதாமல் விட்டார்கள், அவ்வளவுதான். தலைநகருக்கு வரும் படி நின்றது, தானிய விலை ஏறியது. கி.மு. 2004 அளவில் ஏலாம் நாட்டவர் ஊர் நகரத்தில் புகுந்தார்கள். உன் சிம்மாசனத்தின் கடைசி அரசனை விலங்கிட்டு அன்ஷானை நோக்கிக் கொண்டுபோனார்கள் என்று சுமேரியப் புலம்பல் பாடுகிறது. மகளைக் கொடுத்து நான்காம் ஆண்டில் அழித்தாயே, அந்த அன்ஷான்தான்.

பாபிலோனியர்கள் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு எழுதிய வரலாற்றுக் குறிப்புகளில் உனக்குக் கெட்ட பெயர்தான். மர்துக் கடவுளின் வழிபாட்டை முறையாகச் செய்யாதவன், பாபிலோன் கோயிலின் சொத்தை எடுத்துக்கொண்டவன் என்று உன் மேல் பழி. இதில் நான் உன் பக்கம். உன் காலத்தில் பாபிலோன் ஒரு மாகாண நகரம் மட்டுமே, மர்துக்குக்கு நீ கடன்பட்டவனே அல்ல. கோயில் அர்ச்சகர்களுக்குத் தெரிந்த குற்றம் கோயில் சொத்து ஒன்றுதான். உம்மாவின் 36 பெண்கள் யார் என்று அவர்கள் கேட்கவே இல்லை. பழிக்க வந்தவர்களும் உன்னைத் தப்பான வழக்கில் நிறுத்திவிட்டுப் போனார்கள். வேறு வழக்கில் நிறுத்த வேண்டிய ஏடுகளை உன் கணக்கர்களே எழுதி முடித்திருந்தார்கள்.

உன் கொடைகளைச் சொல்லாமல் பாட்டை முடிக்கக் கூடாது. சாலை போட்டாய், வழிப்போக்கருக்குத் தோட்டத்தோடு தங்கும் விடுதி கட்டினாய், ஊர் நகரத்தில் உன் தந்தை தொடங்கிய படிக்கோபுரத்தைக் கட்டி முடித்தாய். இன்னும் எத்தனையோ உன் பாட்டுகளில் இருக்கின்றன. அவற்றில் எதை எவ்வளவு நம்புவது என்று எனக்கு ஐயம். ஐயமே இல்லாமல் நான் நம்புகிற கொடை ஒன்று உண்டு, அது பாட்டில் இல்லை, கணக்கில் இருக்கிறது. உன் 48-ஆம் ஆண்டில் நீ இறந்தாய். ஷுல்கி வானுலகுக்கு ஏறிய நாளில், வேலைக்காரப் பெண்களுக்கு ஏழு நாள் வேலையிலிருந்து விடுப்பு என்று ஓர் ஏடு குறித்திருக்கிறது. அந்த ஏழு நாளை உன் கணக்கன் பாக்கியில் சேர்க்கவில்லை, கழித்துவிட்டான். தெய்வமாக இருந்த காலமெல்லாம் நீ அவர்களுக்குச் செய்ததைவிட, செத்து அந்த ஏழு நாளில் செய்தது பெரிது. அதற்காக உன்னை வாழ்த்துகிறேன்.